உருளையும் வடமும்: நாவுலைப் பக்கத்தில் பாரம் இழுத்த கதை

வின்ச் என்பது ஓர் உருளையும் அதில் சுற்றும் ஒரு வடமுந்தான். உருளையைத் திருப்பியது ஒரு காலத்தில் கை, பிறகு நீராவி, இப்போது மின்மோட்டர். அதில் எதைச் சுற்றுவது என்ற கேள்வி மட்டும் ஒரு நூற்றாண்டிலும் முழுதாகத் தீரவில்லை. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் ஏ9 வீதியில் இருக்கும் நாவுலையும், அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதி போய்ச் சேரும் எலஹெர மாணிக்கப் படுகையும் இந்தக் கேள்வியின் பழைய பதில்களையும் புதிய பதில்களையும் அருகருகே வைத்துப் பார்க்க ஏற்ற இடங்கள்.

முதற் பதில் காட்டிலிருந்து வந்தது. மாத்தளை மலைச்சாரலில் கித்துள் மரம் பாணிக்கும் கருப்பட்டிக்கும் பேர்போனது. அதன் ஓலையடியில் குதிரைமயிர்போலக் கறுத்த, விறைப்பான நார் கிடைக்கும். அதை முறுக்கிய கயிறு யானை கட்டும் அளவுக்கு உரமானது. காட்டு யானையின் காலில் சுருக்குப் போட்டுப் பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள், கிழக்கிலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம்களான பணிக்கர்கள். அவர்கள் நாரைவிடத் தோலை நம்பினார்கள். மான்தோலையும் எருமைத்தோலையும் வாராக வெட்டி முறுக்கிய வடங்கள் அவர்களுடையவை. 1859 இல் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் இவர்களின் துணிச்சலை விரிவாக விவரித்திருக்கிறார். தோல்வடம் எளிதில் வளையும்; காலை அறுக்காது; திடீர் இழுப்பைத் தாங்கும். மழையில் ஊறினால் அதே வடம் கொழகொழத்து நீண்டுவிடும். மழைக்குத் தோல் ஒத்துவரவில்லை என்ற இந்தக் குறை பின்னால் வேறு வேறு பொருட்களில் வேறு வேறு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது.

காட்டுக்கு வெளியே ஆட்சி செய்தது தென்னந்தும்பு. ஆங்கிலத்தில் தும்புக்கு வழங்கும் பெயரே ‘கயிறு’ என்ற நம் சொல்லின் மலையாள வடிவத்திலிருந்து போனது. 14 ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் தங்கிய இப்னு பதூதா, அங்கே தும்புக் கயிற்றால் கப்பற் பலகைகளைத் தைப்பதையும் அது இந்தியாவுக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியாவதையும் பதிவு செய்திருக்கிறார். மட்டையைத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு அடித்து எடுக்கும் தும்பு உப்புநீரில் எளிதில் அழுகாது, மிதக்கும். பலத்தில் மட்டும் அது ஏழை. ஒரே தடிப்புள்ள, பிலிப்பைன்ஸ் நாரால் ஆன மணிலா வடத்தோடு பார்த்தால் தும்புவடத்தின் பலம் பாதிக்கு மேல் வராது. அந்தக் குறையை அது நீட்சியால் ஈடுசெய்தது. அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால்பங்குக்கும் மேல் நீளக்கூடியதால், திடீரென்று வரும் அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்ளும். நங்கூரத்துக்கு அது வரம். ஒரு கல்லை அங்குலம் அங்குலமாகத் தூக்க வேண்டிய இடத்தில் அதுவே தொல்லை: கைப்பிடி சுற்றும், கல் அசையாது, பிறகு துள்ளும்.

பலம் ஒன்றைப் பார்த்து வடம் தெரிவு செய்யப்படுவதில்லை என்பதற்குத் தேர்வடம் நல்ல சாட்சி. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன. தேரை இழுப்பதற்குக் கைக்கடங்காத தடிப்பில் வடம் வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. அதைவிட மெல்லிய வடமே அந்தப் பாரத்தைத் தாங்கும். மெல்லிய வடத்தில் நூறு பேர் ஒன்றாகப் பிடித்து இழுத்தால் உள்ளங்கை வெட்டுப்படும். வடத்தின் தடிப்பைத் தீர்மானித்தது இழுப்பவர்களின் கை. உருளை வந்த பிறகு கையின் இடத்தை உருளை எடுத்துக்கொண்டது. அன்று முதல் வடம் உருளைக்கு ஏற்றதாக மாற வேண்டியிருந்தது.

உருளையின் மிக எளிய வடிவம் இன்றும் எலஹெரப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் நிற்கிறது. சிங்களத்தில் அதற்குப் பெயர் ‘தபரய’. குழியின் இரு விளிம்பிலும் கவைக்கம்புகள் நட்டு, அவற்றின்மேல் கிடையாக ஒரு மரத்தண்டு, தண்டின் இரு முனையிலும் கைப்பிடி, நடுவில் கயிறு. மேலே இரண்டு பேர் எதிரெதிராக நின்று சுற்ற, கீழேயிருந்து கூடை ஏறிவரும். குழியின் சுவர் சரியாமல் இருக்க மரச்சட்டங்கள் இறுக்கி, இடைவெளிகளில் ‘கெகில்ல’ என்னும் பன்னத்தின் இலையைத் திணிப்பார்கள். மண் நிற்கும், நீர் மட்டும் கசியும். சில மீற்றர் தொடக்கம் இருபது மீற்றருக்கும் மேல் போகும் இந்தக் குழியின் அடியில்தான் ‘இல்லம்’ இருக்கிறது. கூழாங்கல்லும் படிகக்கல் துண்டுகளும் களியும் கலந்த அந்தப் படையில் நீலக்கல், வைடூரியம் என்று எது அகப்படும் என்பது அவரவர் பலன். மேல்குழிகளில் நீர் இறைக்க, யாழ்ப்பாணத்துத் துலாவைப் போலவே நீண்ட கம்பு ஒன்றைத் தாழ்த்தி உயர்த்தும் முறையும் இருந்தது. பம்பு வந்தபோது துலா போய்விட்டது. பம்புக்காரனுக்கும் ஒரு பங்கு என்று குழியின் வருமானத்தைப் பகிரும் பங்குமுறைகூட மாறியது. தபரய மாறவில்லை.

அதில் ஓடும் கயிறு நாளொன்றுக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் களிமண்ணில் தோயும். மண்ணோடு வரும் படிகத்தூள் கயிற்றின் புரிகளுக்குள் புகுந்து, பாரம் ஏறும்போதெல்லாம் இழையை உள்ளிருந்தே அரைக்கும். வெளியே உரோமம் எழும்பிய கயிறு உள்ளே நன்றாக இருக்கலாம். வெளியே வழுவழுப்பான கயிறு உள்ளே பொடியாகியிருக்கலாம். கயிறு பார்க்கத் தெரிந்தவர் அதை இரு கையாலும் பிடித்து முறுக்கின் எதிர்ப்பக்கம் திருகி, புரிகளைச் சற்றுத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். உள்ளே பழுப்புத் தூள் உதிர்ந்தால் அது கயிறுதான், மண் அல்ல. அந்தக் கயிறு இனிக் கூடைக்கு உதவாது. மாடு கட்டப் போகும். ஆழத்தில் ஓர் ஆள் குனிந்து நிற்கும் வேலையில், அறுவதற்கு முன் அடையாளம் காட்டுகிற கயிறே நல்ல கயிறு.

ஆழம் கூடியபோது நார் தோற்றது. இலங்கையில் அது முதலில் வெளிப்பட்டது மாணிக்கத்தில் அல்ல, காரீயத்தில். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குருநாகல், கேகாலைப் பகுதிகளில் காரீயக் குழிகள் பெருகின. அங்கும் தபரயதான், அங்கும் தும்புக் கயிறுதான், ஏணிகளும் காட்டுக்கம்பில் கயிறு கட்டியவைதான். குழி நூறு மீற்றரைத் தாண்டும்போது, நனைந்த நார்வடத்தின் எடையே பாரத்தில் பெரும்பங்காகிவிடும். முதலாம் உலகப்போர் காலத்தில், 1916 இல், இலங்கையின் காரீய ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டது. கஹட்டகஹக் காரீயச் சுரங்கம் பின்னால் ஏறக்குறைய 600 மீற்றர் ஆழம் வரை போனது. அத்தகைய ஆழத்தில் மனிதக் கைக்கும் தும்புக்கும் இடமில்லை. நீராவிப் பொறியும் கம்பிவடமும் பெரிய சுரங்கங்களுக்குள் நுழைந்தன.

கம்பிவடம் பிறந்ததும் ஒரு சுரங்கத்தில்தான். ஜேர்மனியின் ஹார்ஸ் மலையில், கிளௌஸ்தால் வெள்ளிச் சுரங்கங்களில் தூக்குவதற்குச் சணல்வடமும் இரும்புச் சங்கிலியும் பயன்பட்டன. சணல் நனைந்து அழுகியது. சங்கிலியின் குறை அதைவிட மோசம்: ஆயிரம் வளையத்தில் ஒன்று பழுதானாலும் எந்த அறிகுறியும் இல்லாமல் முழுப் பாரமும் கீழே போகும். சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் அல்பேர்ட் 1834 இல் 3.5 மில்லிமீற்றர் இரும்புக் கம்பிகள் நான்கைக் கையால் முறுக்கி ஒரு புரியாக்கி, அப்படி மூன்று புரிகளைச் சேர்த்து வடமாக்கினார். அவ்வாண்டு ஜூலையில் கரோலின் சுரங்கத்தில் அது பாரம் தூக்கியது. ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும். அறுந்த கம்பி வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டு நின்று ஆபத்தைக் காட்டும். தும்புக் கயிற்றைத் திருகிப் பார்த்த அதே கண்ணுக்கு இப்போது வேறொரு பாடம் கிடைத்தது. கம்பிவடத்தைச் சீலைத்துண்டால் துடைத்துக்கொண்டே போவது இன்றும் நடக்கும் சோதனை. சீலை எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது. பளுத்தூக்கிகளுக்கான வழமையான விதிப்படி, ஒரு முறுக்கு நீளத்துக்குள் ஆறு கம்பிகளோ ஒரே புரியில் மூன்று கம்பிகளோ அறுந்திருந்தால் அந்த வடத்தைக் கழித்துவிட வேண்டும்.

பிறகு வந்த மாற்றங்கள் வேகமானவை. 1840 இல் ரொபர்ட் நியூவல் பிரித்தானியாவில் இயந்திரத்தால் வடம் முறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1841 இல் ஜோன் ரோப்லிங் அமெரிக்காவில் தொடங்கினார். நியூவலின் வடத்தில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: புரிகளுக்கு நடுவே சணல்நாராலான ஒரு கரு. எண்ணெயில் ஊறிய அந்த நார் உள்ளிருந்து கம்பிக்கு எண்ணெய் ஊட்டியது, புரிகள் ஒன்றையொன்று நசுக்காமல் மெத்தையாகவும் இருந்தது. எஃகுவடங்கள் பலவற்றின் நெஞ்சுக்குள் இன்றும் நார் இருக்கிறது. 1880 இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்த காலத்தை அடுத்து மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளைப் பள்ளத்துக்கு அனுப்பும் கம்பிவழிகளும் தோன்றின. மூட்டை சறுக்கி இறங்கும்போது எழும் இரைச்சல் தோட்டத்து லயன்களில் பழகிப்போன ஒலியாயிற்று.

எஃகு இத்தனை வென்ற பிறகும் மாணிக்கக் குழிக்கு ஏன் வரவில்லை? காரணம் தபரயவின் மரத்தண்டு. எஃகுக் கம்பி வளையும்போது ஒவ்வொரு கம்பியும் களைப்படைகிறது. பளுத்தூக்கிப் பொறியியலில் வழமை, உருளையின் விட்டம் வடத்தின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு இருக்க வேண்டும் என்பது. 10 மில்லிமீற்றர் வடத்துக்கு 20 சென்ரிமீற்றர் உருளை. தபரயத் தண்டு பெரும்பாலும் அதற்குக் குறைவு. சுற்று ஒழுங்காகவும் விழாது. அத்தோடு கம்பியைக் கூடையின் காதில் முடிச்சுப்போட முடியாது. வளையமும் இறுக்கியும் வேண்டும். தும்புக் கயிற்றில் யாரும் ஒரு நொடியில் சுருக்குப் போடலாம், அவிழ்க்கலாம், அறுந்தால் இரு முனைகளின் புரிகளையும் கோத்துப் பிணைத்துவிடலாம். கத்தியும் கையும் போதும். இதைப் பின்தங்கிய நிலை என்று எழுதுபவர்கள் உண்டு. தொழிலுக்கு ஏற்ற தெரிவு என்று சொல்வதே சரி.

நாவுலை, அதன் அயலிலுள்ள லக்கலைப் பாதைகளுக்கு மோட்டார் வாகனம் வந்தபோது கேள்வி திரும்பவும் திறந்தது. 1948 இல் வெளிவந்த லாண்ட் ரோவருக்கு முன்பக்கத்தில் பொருத்தக்கூடிய வின்ச் ஒன்று சில ஆண்டுகளில் கிடைத்தது. அது கப்பல் துறைகளில் காண்பதைப்போன்ற செங்குத்து உருளை. கயிற்றை அது தன்மேல் சேமிக்காது. மணிலாக் கயிற்றை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஓராள் கையால் இழுத்துப் பிடித்தால், உராய்வே மீதி வேலையைச் செய்யும். உராய்வுக்கெழு 0.25 என்று வைத்தால் மூன்று முழுச் சுற்றில் கையின் இழுப்பு ஏறக்குறைய 110 மடங்காகப் பெருகுகிறது. பிடியைத் தளர்த்திய உடனே கயிறு வழுக்கிவிடுவதால் பாரமும் உடனே விடுபடும். அதுதான் அதன் பாதுகாப்பு. எஃகுக் கம்பி இந்த வேலைக்கு ஆகாது. பின்னால் படுக்கை உருளையும் மின்மோட்டரும் வந்தபோது கயிற்றைக் கையில் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. நீளம் முழுவதும் உருளைக்குள் அடங்க வேண்டியதாயிற்று. மெல்லிய, வலிய எஃகுக் கம்பி ஜீப்புகளுக்கும் மரமேற்றும் லொறிகளுக்கும் வழமையானது.

இங்கே பொறியியல் ஒரு சமரசம் செய்துகொண்டது. ஜீப் வின்ச்சின் உருளை பெரும்பாலும் 64 மில்லிமீற்றர் அளவுதான். கம்பி 8 முதல் 9.5 மில்லிமீற்றர். இருபது மடங்கு கேட்ட கம்பிக்கு ஏழெட்டு மடங்குதான் கிடைத்தது. ஆகவே வாகன வின்ச்சின் கம்பி சீக்கிரம் சுருண்டு, நெளிந்து, முள் எழும்புகிறது. தோற்கையுறை இல்லாமல் அதைத் தொட்டவர்களின் உள்ளங்கையில் அதன் தடம் இருக்கும். முள்ளைவிடப் பெரிய ஆபத்து வேறு. இழுபடும் எஃகு வில்லைப்போலச் சக்தியைச் சேர்த்து வைக்கிறது. கொக்கியோ கம்பியோ விட்டுப்போனால் அத்தனையும் ஒரு நொடியில் திரும்பி வீசும். கம்பியின் நடுவில் ஈரச்சாக்கையோ பழைய கோட்டையோ போர்த்தி, ஆட்களை ஒதுங்கி நிற்கச் சொல்லும் வழக்கம் அதனால் வந்தது. சாக்கு விழுந்த கம்பியைப் பாரமாக்கி நிலத்துக்கு இழுக்கிறது.

நாரின் மறுவருகை போரில் தொடங்கியது. 1942 இல் யப்பான் பிலிப்பைன்சைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு மணிலா நார் நின்றுபோனது. 1935 இல் டுபொன்ட் ஆய்வுகூடத்தில் வாலஸ் கரோதேர்ஸ் குழு உண்டாக்கிய நைலோன், காலுறையிலிருந்து இழுவடத்துக்கு மாறியது. போருக்குப் பின் பொலிபுரொப்பிலீன் வந்தது. இலங்கைத் தமிழில் இவையெல்லாம் வேறுபாடின்றி ‘நைலோன் கயிறு’ ஆகிவிட்டன. கிணற்றிலும் வள்ளத்திலும் மாணிக்கக் குழியிலும் தும்பின் இடத்தைப் பிடித்தன. அழுகாது, இலேசு, விலை குறைவு. உண்மையான நைலோன் நன்றாக நீளும் என்பதால் சேற்றில் புதைந்த வாகனத்தை இன்னொரு வாகனத்தால் உலுக்கி எடுக்க நல்லது. வின்ச்சுக்கு அதே நீட்சி ஆபத்து. தும்பிடம் கண்ட பழைய குணமே வேறு சட்டையில் வந்தது. பொலிபுரொப்பிலீனோ வெயிலில் வெளுத்து, கையில் தூளாக உதிரும்.

இதே காலத்தில் நாவுலையைச் சுற்றி மகாவலித் திட்டம் நிலத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. 1976 இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழியாக அம்பன் கங்கை வடிநிலத்துக்கு வந்தது. போவத்தென்ன அணை கட்டப்பட்டது. அதன் நீரில் மூழ்கவிருந்த நாலந்த கெடிகே என்ற தென்னிந்தியப் பாணிக் கற்கோவில் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது. செதுக்கிய கல்லைத் தூக்கும் எந்த வேலையிலும் எஃகுக் கம்பி கல்லின் விளிம்பைத் தின்னும் என்பதால் இடையில் சாக்கோ மரத்துண்டோ வைப்பது கல்வேலைக்காரர் அறிந்த வழக்கம். அதே அம்பன் கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் செயற்பாட்டுக்கு வந்தது. உலகெங்கும் பெரிய அணைகளில் வடத்தால் தூக்கப்படும் மதகுக்கதவுகளுக்கு எஃகுவடமே வழமை. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வெயிலில் நின்று, பெருக்கு வரும் நாளில் தவறாமல் அசைய வேண்டிய வேலைக்கு, தேய்மானம் நன்கு அறியப்பட்ட பொருளைப் பொறியியலாளர்கள் எளிதில் கைவிடுவதில்லை.

வின்ச்சுக்கு உண்மையான போட்டி நெதர்லாந்திலிருந்து வந்தது. அங்கே 1979 இல் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும், சாதாரணப் பொலித்தீனின் மிக நீண்ட மூலக்கூறுகளைக் கரைசலிலிருந்து இழையாக இழுத்து நேராக்கும் முறையைக் கண்டார்கள். கடைப்பையும் இந்த இழையும் வேதியியலில் ஒரே சாதி. மூலக்கூறின் நீளமும் அது கிடக்கும் ஒழுங்குந்தான் வேறு. 1990 இல் டைனீமா என்ற பெயரில் ஹீர்லன் நகரில் அதன் உற்பத்தி தொடங்கியது. இழுவைக் கப்பல்கள் முதலில் எடுத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் வாகன வின்ச்சுகளுக்கும் வந்தது. கணக்கு கவர்ச்சியானது. 9.5 மில்லிமீற்றர் எஃகுக் கம்பி ஏறக்குறைய 6.5 தொன்னில் அறும். 30 மீற்றர் 11 கிலோவுக்கு மேல் நிறை. அதே தடிப்பில் செயற்கைவடம் ஏறக்குறைய 9 தொன் தாங்கும், நிறை 2 கிலோவுக்கும் குறைவு, தண்ணீரில் மிதக்கும். அறுந்தாலும் எடை மிகக் குறைவானதால் எஃகைப்போல வீசி அடிக்காது. ஆனாலும் முனையில் தொங்கும் இரும்புக் கொக்கி பறக்கக்கூடியதே; ஒதுங்கி நிற்கும் விதி மாறவில்லை.

அதன் முதல் எதிரி சூடு. இந்த இழை 150 பாகை செல்சியஸ் அளவில் உருகும். 70 பாகையிலேயே பலம் குறையத் தொடங்கும். கொதிநீரை விடக் குறைந்த சூடு அது. பல மின்வின்ச்சுகளில் தடுப்பு உருளைக்குள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு வாகனத்தைச் சரிவில் மெல்ல இறக்கும்போது தடுப்பு சூடாகி, உருளையும் சூடாகி, அடியில் சுற்றியிருக்கும் வடம் வெளித்தெரியாமல் பளபளத்து விறைக்கும். அடுத்த இழுப்பில் அறுவது அந்த இடந்தான். இரண்டாவது எதிரி மணல். எலஹெரக் குழிகளின் படிகத்தூள் தும்புக் கயிற்றுக்குச் செய்ததையே மணல் இதற்கும் செய்கிறது. வேலை முடிந்ததும் வடத்தை முழுதாக அவிழ்த்து நீரில் அலசுவது அதனால் அவசியம். மூன்றாவது, கூர்மை. பாறை விளிம்பில் எஃகுக் கம்பி உராய்ந்து கீறல்படும், செயற்கைவடம் வெட்டுப்படும்.

இதனால் ஒரே பாதையில் இரண்டுமே ஓடுகின்றன. மரக்குற்றியைத் தரையோடு தேய்த்து இழுக்கும் லொறிக்கும், விழுந்த வாகனத்தைப் பாறைமேல் ஏற்றும் மீட்பு வண்டிக்கும் எஃகு பொருந்தும். தன்னைத்தானே சேற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஜீப்புக்கு, அதுவும் மழையில் கைகளால் வடத்தை மரம்வரை கொண்டுபோக வேண்டிய இடத்தில், செயற்கைவடம் பொருந்தும். வின்ச்சின் இழுபலம் என்று தகட்டில் எழுதியிருப்பது உருளையின் முதற்படைக்கு மட்டுமே என்பதை இரு தரப்பினரும் மறந்துவிடுகிறார்கள். வடம் படைபடையாக ஏற ஏற இழுப்பு குறையும். கப்பி ஒன்றை இடையில் போட்டு வடத்தை இரட்டித்தால் இழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேகம் பாதி.

எஃகிலிருந்து செயற்கைக்கு மாறுபவர் முதலில் பார்க்க வேண்டியது வடத்தை அல்ல, வடம் நுழையும் வாயை. கம்பி ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த இரும்பு உருளிகளில் புதுவடத்தை ஓட்டினால் சில இழுப்பில் நூல் எழும்பும். வழுவழுப்பான அலுமினிய வாயைப் பொருத்த வேண்டும். உருளையின் முகத்தில் கம்பி விட்ட முட்களை அரத்தால் தேய்க்க வேண்டும். எஃகுக் கம்பிக்கு உருளையில் ஐந்து சுற்று எப்போதும் மிஞ்சியிருந்தால் போதும் என்பார்கள். வழுக்கும் செயற்கைவடத்துக்கு எட்டு முதல் பத்து. அறுந்தால் எஃகுக்குப் பட்டறை வேண்டும். செயற்கைவடமோ பன்னிரண்டு புரிப் பின்னல், உள்ளே கூடு. ஒவ்வொரு முனையையும் கூராக்கி மற்றதன் கூட்டுக்குள் புகுத்தி, ஒரு முழத்துக்கும் மேல் உள்ளே விட்டு இழுத்தால், பாரம் ஏற ஏறக் கூடு இறுகித் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஜீப்பின் பானெட்டின்மேல் வைத்து, ஓர் ஆணியும் கத்தியும் கொண்டு கால்மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.